பீடத்துக்குக் கீழே ஒரு கிளஸ்டர்

எங்கள் வீட்டில் நெட் ஒழுங்காகக் கிடைக்கிற இடம் ஒன்றுதான். திருஇருதய ஆண்டவர் படத்துக்கு நேர் கீழே. கனெக்‌ஷன் கொடுக்க வந்தவர் மற்ற சுவர்களில் ஆணி இறங்கவில்லை என்று சொல்லி, பீடத்துக்காக நாங்கள் ஏற்கனவே அடித்து வைத்திருந்த ஆணியில் தன் பெட்டியையும் மாட்டிவிட்டுப் போய்விட்டார். அதனால் ஆண்டவருக்கு முன்னால் எரிகிற சிவப்பு பல்புக்குப் பக்கத்தில் நெட் பெட்டியின் பச்சை பல்பும் எரியும். பச்சை அணைந்தால் வீட்டில் அத்தனை பேருக்கும் அந்த நிமிடமே தெரிந்துவிடும். சிவப்பு பல்பு ஃப்யூஸ் போய், அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் யாரும் கவனிக்காமல் இருந்ததும் உண்டு.

நெட் அங்கே என்பதால் மகளுடைய மேசையும் அங்கே வந்துவிட்டது. அம்பத்தூரில் ஆபீஸ். வாரத்தில் பாதி நாள் அங்கே, பாதி நாள் பீடத்துக்குக் கீழே. மாலை ஏழு மணிக்கு எங்கள் குடும்ப ஜெபம். அவளுடைய ஆபீசில் ஏழு மணிக்கு மீட்டிங். நாங்கள் முழங்கால் போட்டு ஜெபமாலை சொல்லும்போது, வாசலில் போகிறவர்கள் பார்த்தால் ஏதோ லேப்டாப்பைக் கும்பிடுகிறோம் என்றுதான் நினைப்பார்கள். ஒருநாள் அவள் மைக்கை அணைக்க மறந்துவிட்டாள். ஜெபமாலையின் துயர மறையுண்மைகள் முழுவதும் மீட்டிங்கில் கேட்டிருக்கிறது. யாரும் ஒன்றும் சொல்லவில்லையாம். கடைசியில் மட்டும் யாரோ ஒருவர் ஆமென் என்று எழுதியிருந்தாராம். அவர் கிறிஸ்தவரா, மீட்டிங் முடிந்த சந்தோஷத்தில் போட்டாரா என்று அவளுக்கும் தெரியவில்லை.

என் வீட்டுக்காரர் அம்பத்தூர் எஸ்டேட்டில் பிரஸ் மெஷின் ஓட்டுகிறவர். அவர் கையில் எப்போதும் ஒரு சின்ன பிளாஸ்டிக் பாட்டில் இருக்கும். மந்திரித்த தீர்த்தம். கோயிலில் சாமியார் உப்புப் போட்டு மந்திரித்துத் தருகிற தண்ணீர். மிக்சி வாங்கினால் தெளிப்பார். ஸ்கூட்டருக்கு எஃப்.சி. எடுக்கப் போகும்போது தெளிப்பார். கம்பெனியில் ஆயுத பூஜை அன்று மற்றவர்கள் மெஷினுக்குப் பொட்டு வைத்து பொரி படைக்க, இவர் பொரியையும் வாங்கிக்கொண்டு தன் மெஷின்மேல் தீர்த்தமும் தெளித்துவிட்டு வருவார். இத்தனை வருஷத்தில் அந்த மெஷினில் அவர் விரல் எதுவும் போகவில்லை என்பதால் நானும் எதிர்த்துப் பேசியதில்லை.

மகள் அப்போது செய்துகொண்டிருந்த வேலைக்குப் பெயர் கிளஸ்டர். நான் பத்தாவதோடு நின்றவள். முதலில் கேட்டபோது அவள் சொன்ன எதுவும் புரியவில்லை. கன்டெய்னர் என்றாள், எங்கள் பக்கத்து ஹைவேயில் துறைமுகத்துக்குப் போகிற லாரிதான் எனக்குத் தெரியும். பிறகு ஒருநாள் சமையல்கட்டில் நின்று, நான் கட்டிக்கொண்டிருந்த சாப்பாட்டு டப்பாவைக் காட்டி விளக்கினாள். மருந்து ஆர்டர் வாங்கி வீட்டுக்கு அனுப்புகிற ஒரு கம்பெனி இருக்கிறதாம். அவர்களுடைய வேலை முழுவதும் ஒரே ஒரு பழைய சர்வரில் ஓடுகிறதாம். அது படுத்தால் எல்லாம் படுத்துவிடும். இவள் அந்த வேலையைச் சின்னச் சின்னதாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் அதற்கு வேண்டிய சாதம், குழம்பு, ஊறுகாயோடு தனித்தனி டப்பாவில் கட்டுகிறாள். எந்த ஊரில் எந்த மேசையில் திறந்தாலும் அது அப்படியே சாப்பிடத் தயாராக இருக்கும். அந்த மேசைகள் பல சேர்ந்ததுதான் கிளஸ்டர். ஒரு மேசை உடைந்தால் டப்பா தானாகப் பக்கத்து மேசைக்குப் போய்விடும்.

“யாரு தூக்கி வெக்கறது?” என்று கேட்டேன்.

“அதுக்குன்னு உள்ளயே ஒரு மேஸ்திரி இருக்கும்மா. அதைக் கேக்கறதுக்கு இன்னொரு மேஸ்திரி.”

அதோடு முடியவில்லை. டப்பாக்களை அடுக்கி வைக்கத் தனியாக ஒரு கிடங்கு. வருகிற கூட்டத்தை வரிசையில் பிரித்து அனுப்ப ஒன்று. எல்லோர் நாடியையும் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருக்க ஒன்று. ஏதாவது கோளாறு என்றால் இவள் போனை அலற வைக்க ஒன்று. பாதிக் கல்யாணத்துக்கு ஆகிற ஆள்கட்டு அதற்கு இருந்தது. இதெல்லாம் எங்கே இருக்கிறது என்றேன். மும்பையில் என்றாள். நீ பார்த்திருக்கிறாயா என்றேன். இல்லை. உனக்கு மேலே இருக்கிற லீட் பார்த்திருக்கிறாரா? அவரும் இல்லை. யாருமே பார்த்ததில்லையா? பார்க்க விடமாட்டார்கள் என்றாள். காணாததை நம்பிப் பிழைக்கிறவள் நான், எனக்கு இதில் சிரிக்க உரிமை இல்லை. ஆனாலும் சிரித்துவிட்டேன்.

அந்த வருஷம் அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை ஆவடி, நல்ல குடும்பம், வாயாடாத பையன். எங்கள் முறைப்படி கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை இருந்தால் சொல்லுங்கள் என்று. அந்த ஓலை வாசிப்பதற்கு மாப்பிள்ளையும் பெண்ணும் திருமண வகுப்புக்குப் போய் சர்டிபிகேட் கொண்டுவர வேண்டும். சனி, ஞாயிறு அங்கேயே தங்க வேண்டும். வாசலிலேயே போனை வாங்கி ஒரு பிரம்புக் கூடையில் போட்டுவிடுவார்கள். மாதத்துக்கு ஒரு வகுப்புதான். நாங்கள் தேதி குறித்திருந்தது திருவருகைக் காலம் தொடங்குவதற்கு முந்தின வாரம். அது தொடங்கிவிட்டால் கிறிஸ்துமஸ் வரைக்கும் கோயிலில் கல்யாணம் கிடையாது. வானகரத்தில் மண்டபம் பேசியாகிவிட்டது. மாப்பிள்ளையின் அண்ணன் கப்பலில் வேலை செய்கிறவர், அந்த வாரம்தான் கரையில் இருப்பார். அவர் இல்லாமல் கல்யாணம் நடந்தால் சம்பந்தியம்மா கோயில் வாசல்படி ஏறமாட்டேன் என்று சொல்லியிருந்தார்கள். ஆக, அந்த ஒரு வகுப்பு போனால் தேதி போகும். தேதி போனால் என்னென்ன போகும் என்று நான் நினைக்கவே பயந்தேன்.

ஆபீசில், பழைய சர்வரை விட்டுக் கிளஸ்டருக்கு மாறுகிற நாள் குறித்தார்கள். அந்த வகுப்பின் சனிக்கிழமை மாலை.

மகளுடைய லீட் கோயம்புத்தூர்க்காரர். வானகரத்தில் ஃப்ளாட்டில் கைக்குழந்தையோடு இருக்கிறார். கெட்டவர் இல்லை. பேச்சில் ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு ‘ங்க’ போடுவார். ஆனால் மேலே இருக்கிறவர்களைக் கண்டால் அவருக்கு நடுக்கம். தேதி மாற்ற முடியாது என்றார். நீங்கள் செய்யுங்களேன் என்று இவள் கேட்டதற்கு, அது உங்களைத் தவிர யாருக்கும் தெரியாதுங்களே என்றார். இவள் எல்லாவற்றையும் ஃபைல் ஃபைலாக எழுதி ஆபீசின் பொது இடத்தில் வைத்திருக்கிறாளாம். அந்த ஃபைல்களை ஓட்டினால் கிளஸ்டர் தன்னைத்தானே கட்டிக்கொள்ளுமாம். அவருக்கும் சாவி கொடுத்திருக்கிறார்கள். பார்க்கிறேனுங்க, பார்க்கிறேனுங்க என்று சொல்லிச் சொல்லி அவர் அந்தப் பூட்டைத் திறந்ததே இல்லை.

அன்று அவள் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். எனக்கு ஆத்திரமாக வந்தது.

“எல்லாத்துக்கும் ரெண்டு, மூணுன்னு வெச்சிகினு கீறியே, உனக்கு ஒண்ணு வெச்சியாடி?” என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். “அது யாரும் கேக்கலம்மா,” என்றாள்.

நான் பங்குச் சாமியாரிடம் போனேன். ஒரே ஒரு சாயங்காலம் மட்டும் போனைக் கொடுத்துவிடுங்கள், ஒரு மூலையில் உட்கார்ந்து முடித்துக்கொள்வாள் என்று கேட்டேன். என்ன வேலை என்றார். டப்பா, மேசை, மேஸ்திரி என்று எனக்குத் தெரிந்தவரை சொன்னேன். ரொம்பப் பொறுமையாகக் கேட்டார். ஒன்று விழுந்தால் இன்னொன்று அந்த இடத்துக்கு வந்துவிடும் என்று நான் சொன்ன இடத்தில் மட்டும் கையைக் காட்டி நிறுத்தினார்.

“நம்ம ஏற்பாட்டுல அந்த வசதி கிடையாதும்மா. ஒருத்தருக்கு ஒருத்தர்தான். அதனாலதான் ரெண்டு நாள் வகுப்பு.”

மாப்பிள்ளை தனியாகப் போய் இரண்டு பேருக்கும் சேர்த்துக் குறிப்பு எடுத்துவருகிறேன் என்று சொல்லிப் பார்த்தான். அதற்குச் சாமியார் சிரித்துவிட்டார்.

ஒரு பக்கம் மும்பை, ஒரு பக்கம் கோயில். இரண்டும் அசையவில்லை. மீதி இருந்தது ஜெபம் ஒன்றுதான். எங்கள் தெருவில் கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்து ஒரு அன்பியம் வைத்திருக்கிறோம். முறை வைத்து வீடு வீடாகக் கூடி ஜெபிப்போம். அந்த வெள்ளிக்கிழமை எங்கள் முறை. மறுநாள் காலை வகுப்பு. போவதா வேண்டாமா என்று இன்னும் முடிவாகவில்லை. மாப்பிள்ளை மட்டும் பையைக் கட்டி வைத்துவிட்டான்.

அன்பியத் தலைவி ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்து ரிட்டயர் ஆன அக்கா. ஜெபம் சொன்னால் தெருமுனை வரைக்கும் கேட்கும். பாய் விரித்து எல்லோரும் உட்கார்ந்துவிட்டோம். மகளால் எழுந்து போக முடியவில்லை, பீடத்துக்குக் கீழே லீடோடு பேசிக்கொண்டே ஏதோ அடித்துக்கொண்டிருந்தாள். நாளைய மாற்றத்துக்கு முந்தின சோதனையாம். திரையில் லீடின் முகம் ஒரு ஓரத்தில் தபால்தலை மாதிரி தெரிந்தது. நான் அக்காவிடம் விஷயத்தை முன்பே சொல்லி வைத்திருந்தேன். அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தார்கள். ஆண்டவரே, இந்தப் பிள்ளை கட்டி வைத்திருக்கிற எதுவும் விழக்கூடாது. ஒன்றுகூட விழக்கூடாது. சாயக்கூடாது. நாங்கள் எல்லோரும் ஒவ்வொன்றுக்கும் ஆமென் சொன்னோம்.

மகள் திரும்பினாள். “ஆன்ட்டி, கொஞ்சம் விழணும்னு வேண்டிக்கோங்க.”

அக்கா கண்ணைத் திறந்தார்கள். “இன்னா பாப்பா சொல்ற?”

“நாங்களே ஒண்ணைத் தள்ளி விட்டுப் பாக்கறோம். விழுந்தாத்தான் எழுந்துக்குதான்னு தெரியும்.”

“விழணும்னு கேக்கற ஜெபம் எங்கிட்ட இல்லியே கண்ணு,” என்றார்கள் அக்கா. பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, “எதுக்கும் நீ தள்ளு. எழுந்துக்கறதுக்கு நாங்க கேக்கறோம்,” என்றார்கள்.

அவள் தள்ளினாள். கறுப்புத் திரையில் ஒரு வரி சிவப்பாகிப் போயிற்று. அதற்குக் கீழே வேறொரு வரி முளைத்துப் பச்சையாயிற்று. அவ்வளவுதான். ஜெபத்தில் ஒரு வாக்கியம் முடிவதற்குள் நடந்துவிட்டது. பாயில் இருந்தவர்களில் இரண்டு பேர் ஸ்தோத்திரம் என்றார்கள். திரைக்குள்ளிருந்து லீடும், வந்துருச்சுங்க என்றார்.

கூட்டம் முடிந்து எல்லோரும் சுண்டல் வாங்கிக்கொண்டு கிளம்பினார்கள். அதுவரை வீட்டுக்காரர் பின்னால் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு மனசு ஆறவில்லை போலிருக்கிறது. இத்தனை பேர் ஜெபித்தும் அவர் பங்குக்கு ஒன்றும் செய்யவில்லையே. பாட்டிலை எடுத்தார். மூடியில் இருக்கிற ஓட்டையில் உப்புப் பூத்து அடைத்திருந்தது. ஒரு உதறு உதறினார், வரவில்லை. பலமாக உதறினார். மூடி கழன்று நெட் பெட்டியில் பட்டுத் தெறித்தது. பாட்டிலில் இருந்த தீர்த்தம் முழுவதும் லேப்டாப் பட்டன்களுக்கு நடுவே இறங்கிற்று.

திரை ஒரு தரம் மினுக்கிற்று. லீடின் முகம் வாயைத் திறந்தபடி அப்படியே நின்றது. பிறகு எல்லாம் கறுப்பு.

சுண்டல் தொன்னையோடு வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த அக்கா அதை மாட்டாமல் நின்றார்கள். வீட்டுக்காரர் கையில் காலி பாட்டிலோடு மகளைப் பார்த்தார். அவர் முகத்தை நான் அப்படிப் பார்த்தது எங்கள் மூத்த குழந்தை தங்காமல் போன அன்றுதான்.

“அவ்ளோ நாள் கட்டினியே,” என்றார். “அல்லாத்தையும் மூழ்கடிச்சிட்டனாம்மா?”

அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். லேப்டாப்பைக் கவிழ்த்துப் பிடித்தாள். தண்ணீர் சொட்டியது. நான் துணி கொண்டுவர ஓடினேன். திரும்பி வந்தபோது அவள் கைபேசியை எடுத்து ஏதோ பக்கத்தைத் திறந்து அப்பாவிடம் காட்டிக்கொண்டிருந்தாள். வரிசையாகப் பச்சை. எல்லாம் நின்றபடி நின்றுகொண்டிருந்தன.

“அது இதுக்குள்ள இல்லப்பா. மும்பையில இருக்கு. இது சும்மா எட்டிப் பாக்கற ஜன்னல்.”

“அப்ப நான் தெளிச்சது?”

“ஜன்னல்லதான்.”

அவருக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. எனக்கோ வேறு வகையில் மனசு கலங்கியது. இத்தனை மாதமாக அந்த லேப்டாப்புக்குத்தான் நாங்கள் பணிவிடை செய்திருக்கிறோம். கரண்ட் போனால் ஃபேனை நிறுத்தி இன்வெர்ட்டரை அதற்கு மட்டும் விட்டோம். பக்கத்தில் தண்ணீர்ச் சொம்பு வைக்கக்கூடாது என்று நானே சட்டம் போட்டேன். பூனை ஏறாமல் இருக்க மேசைக்கு அட்டை கட்டினோம். கிளஸ்டரோ எங்கேயோ கடற்கரை ஊரில் குளிர்சாதன அறையில் சுகமாக இருந்திருக்கிறது. எங்களிடம் அவள் ஒரு தடவைக்கு நாலு தடவை மும்பை என்று சொன்னாள்தான். நாங்கள் தலையாட்டிவிட்டு ஜன்னலுக்கு அட்டை கட்டினோம்.

லீட் போன் செய்தார். என்னாச்சுங்க, திடீர்னு போய்ட்டீங்க என்றார். அப்பா தீர்த்தம் தெளித்துவிட்டார் என்று இவள் ஒளிக்காமல் சொன்னாள். ஆபீசில் வேறு லேப்டாப் கேட்கிறேன் என்றார் அவர். கேட்டுவிட்டுத் திரும்பக் கூப்பிட்டார். திங்கட்கிழமைதான் தருவார்களாம். சொந்த லேப்டாப்பிலிருந்தோ கைபேசியிலிருந்தோ கிளஸ்டரைத் தொடக்கூடாது, பார்க்க மட்டும்தான் முடியும். ஆபீஸ் மெஷினில்தான் சாவி வேலை செய்யும். அப்படி ஒரு ஆபீஸ் மெஷின், சாவியோடு, யாரிடம் இருக்கிறது? அவரிடம்தான் இருக்கிறது.

சாமியாராலும் ஆகவில்லை, மேலதிகாரியாலும் ஆகவில்லை. ஒரு பாட்டில் உப்புத் தண்ணீரில் அந்தக் கோயம்புத்தூர்ப் பிள்ளை தன் பூட்டைத் திறக்க உட்கார்ந்தார்.

இவள் போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தாள். நாளைக்கு வேண்டிய உண்மையான கிளஸ்டரைத் தொடாமல், முதலில் ஒரு ஒத்திகை கிளஸ்டரைக் கட்டச் சொன்னாள். இந்த ஃபைலைத் திறங்க. முதல் பத்தியைப் படிங்க. இப்போ ஓட்டுங்க. அவர் கூடக்கூட வாய்விட்டுப் படித்தார். எனக்கு மறைக்கல்வி வகுப்புதான் ஞாபகம் வந்தது. நடுவில் அவருடைய குழந்தை அழுதது. ஒரு நிமிஷங்க என்று போய், அதைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார் போலிருக்கிறது. அதற்குப் பிறகு ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால் ஒரு ஏப்பம் கேட்டது. நான் இட்லி ஊற்றி எடுத்து வைத்தேன். மகள் அன்றைக்குத்தான் ஒழுங்காகச் சாப்பிட்டாள்.

ஒத்திகை எழுந்து நின்றது. அதை அழித்துவிட்டு மறுபடி கட்டச் சொன்னாள். அழிக்கவா என்று அவர் பயந்தார்.

“அழிங்க. அழிச்சாத்தான் உங்களுக்குப் பயம் போகும்.”

அழித்தார். கட்டினார். இரண்டாவது தடவை இவள் ஒன்றும் பேசவில்லை. சட்னியைத் தொட்டுக்கொண்டு கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தாள். நின்றுவிட்டது. அவர் சிரிக்கிற சத்தம் கேட்டது.

“இது இத்தனை நாளா இங்கயேவா இருந்துச்சுங்க?” என்றார்.

“ஆமாங்க.”

“நாளைக்குப் போய்ட்டு வாங்க,” என்றார். “ஜெபத்துல என்னையும் சேர்த்துக்கச் சொல்லுங்க.”

காலையில் மாப்பிள்ளை வண்டியில் வந்து அவளை ஏற்றிக்கொண்டு போனான். கூடையில் போடுவதற்குப் பதில் அவள் போனை என்னிடமே கொடுத்துவிட்டுப் போனாள். அலறினால் என்ன செய்வது என்றேன். ஒன்றும் செய்யாதே என்றாள். ஒன்றும் செய்யாமல் இருப்பது எங்கள் வீட்டில் யாருக்கும் வராது. அதனால் போனை பீடத்தில் வைத்து, பாட்டிலை நான் எடுத்து அரிசி டப்பாவுக்குள் ஒளித்தேன்.

சாயங்காலம் வந்தது. வீட்டுக்காரர் வழக்கத்துக்கு முன்னாலேயே முழங்கால் போட்டுவிட்டார். நாங்கள் இரண்டு பேர் மட்டும். எங்களுக்கு எதிரே மேசை காலியாக இருந்தது, கவிழ்த்து வைத்த லேப்டாப் அரிசி உமியில் காய்ந்துகொண்டிருந்தது. நடுவில் ஒரு அருள்நிறைந்த மரியே சொல்லும்போது போன் அலறியது. அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். ஒன்றும் செய்யாதே என்று சொல்லியிருக்கிறாள். நாங்கள் இன்னும் சத்தமாக ஜெபம் சொன்னோம். கொஞ்ச நேரத்தில் அலறல் தானாக நின்றது. ஜெபமாலையில் அடுத்த பத்து மணிகளை உருட்டி முடிப்பதற்குள் மறுபடி போன். இந்த முறை மணியடித்தது. லீட். அதை எடுக்காதே என்று அவள் சொல்லவில்லை.

“அம்மாங்களா? அவங்க இருக்காங்களா?”

“வகுப்புல இருக்காப்பா. போனு எங்கிட்டதான் கீது.”

“ஆமாங்க, மறந்துட்டேன்.” அவர் குரல் ஓடி வந்தவர் குரல் மாதிரி இருந்தது. “மாத்தியாச்சுங்கம்மா. ஆர்டரெல்லாம் புதுசுக்கு வருது. நடுவுல ஒண்ணு விழுந்துருச்சுங்க.”

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். “எழுந்துக்கிச்சா?”

“எந்திரிச்சிருச்சுங்கம்மா. நான் பார்க்கறதுக்குள்ள எந்திரிச்சிருச்சு.”

“அப்புறம் இன்னாத்துக்குப்பா போன் பண்ணே?”

பின்னால் குழந்தை ஏதோ தட்டைத் தட்டிக்கொண்டிருந்தது.

“யார்கிட்டயாச்சும் சொல்லணும்போல இருந்துச்சுங்க,” என்றார்.

நன்றாகச் செய்தாய் என்று நான் சொன்னேன். எனக்கு ஒரு மகன் இருந்தால் அவர் வயதுதான் இருக்கும். அவருடைய அம்மா கோயம்புத்தூரில் இருக்கிறார்கள். அந்த நேரத்தில் அவர்களுக்குப் போன் போட்டு இதைச் சொன்னால் அவர்களுக்கு என்ன புரியும்? எனக்குப் புரிந்தது. விழுந்தது, எழுந்தது. மற்றதெல்லாம் எனக்கு எதற்கு?

ஞாயிறு மாலை மகள் சர்டிபிகேட்டோடு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை, விழுந்ததா என்றுதான் முதலில் கேட்டாள். விழுந்தது என்றேன். அவளுக்கு அத்தனை சந்தோஷம். வகுப்பு எப்படி என்றேன். சண்டை போடுவது எப்படி என்று ஒரு மணி நேரம் எடுத்தார்களாம், மிச்ச நேரம் சண்டை போடாமல் இருப்பது எப்படி என்று எடுத்தார்களாம். மாப்பிள்ளை இரண்டாவதில் தூங்கிவிட்டானாம்.

அடுத்த ஞாயிறு ஓலை வாசித்தார்கள். யாரும் தடை சொல்லவில்லை. வீட்டுக்காரர் தெருவில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். நான் தெளிக்கலன்னா அந்தப் பையன் உட்கார்ந்திருப்பானா என்று கேட்பார். மகள் அதற்கு ஏதோ பதில் சொல்ல வாயெடுப்பாள். பிறகு விட்டுவிடுவாள். எனக்கும் அவரை மறுக்க வழி தெரியவில்லை. கணக்குப்படி அவர் சொல்வது சரிதான். லேப்டாப்புக்கு ஆபீசில் என்ன காரணம் எழுதினார்கள் என்று கேட்டேன். ‘திரவம் சிந்தியது’ என்று எழுதினார்களாம். அது போதுமா என்று வீட்டுக்காரருக்கு வருத்தம்.

கல்யாணம் அதே தேதியில், அதே மண்டபத்தில். கப்பல்காரர் வந்திருந்தார், சம்பந்தியம்மா வாசல்படி ஏறினார்கள். மகளுக்கு ஆபீசில் நீண்ட லீவு கொடுத்திருந்தார்கள். கிளஸ்டரைத் தெரிந்த ஆள் இப்போது லீட் ஒருவர்தான். அவரும் கோயிலுக்கு வந்திருந்தார், மனைவி குழந்தையோடு. கடைசி பெஞ்சில் வாசல் ஓரமாக உட்கார்ந்திருந்தார். பட்டுச் சட்டை, நெற்றியில் திருநீறு, மடியில் லேப்டாப் வைத்த ஒரு கறுப்புப் பை. அதை எங்கேயும் வைக்க அவருக்கு மனசு வரவில்லை. பூசையில் சாமியார் அப்பத்தை உயர்த்திக் காட்டும் நேரத்தில்கூட எல்லோரோடும் சேர்ந்து முழங்கால் போட்டவர் அந்தப் பையைக் கட்டிக்கொண்டுதான் போட்டார்.

பூசை முடிந்து மாலையும் கையுமாக நாங்கள் வெளியே வரும்போது வீட்டுக்காரர் அந்தப் பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டார். லீட் எழுந்து கும்பிட்டார். இவரும் கும்பிட்டார். பிறகு அவர் கண் அந்தப் பையில் போய் நின்றது. பாவம் பிள்ளை, தனியாகச் சுமக்கிறான் என்று என் காதில் மெதுவாகச் சொன்னார். சொல்லிக்கொண்டே புது வேட்டியின் இடுப்பு மடிப்பில் கையை விட்டார்.

அரிசி டப்பாவிலிருந்து அந்தப் பாட்டிலை எப்போது கண்டுபிடித்து எடுத்தார், எப்போது மறுபடி நிரப்பினார் என்று எனக்குத் தெரியாது. கூட்டத்துக்கு நடுவே அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். போட்டோக்காரர் அதை எடுத்து ஆல்பத்தில் பெரிதாகப் போட்டிருக்கிறார். பார்க்கிறவர்களெல்லாம், இந்த வயசிலும் எவ்வளவு ஆசையாகக் கைகோர்த்து வருகிறார்கள் என்று சொல்கிறார்கள்.